டென்மார்க்குக்கு நாம் கொடுத்த கலாச்சாரம்

தாம்பரத்திலிருந்து படப்பை போகிற சாலையில் இருக்கும் கங்கையம்மாள் கலை அறிவியல் கல்லூரியில் சாம்பசிவன் இயற்பியல் விரிவுரையாளர். அவர் இயற்பியல் நடத்தி வெகுகாலம் ஆகிறது. நிர்வாகம் அதைவிட நுட்பமான வேலை ஒன்றை அவரிடம் ஒப்படைத்திருந்தது. ஆய்வுக்குழு வருகிறது என்று தகவல் வந்தால், அந்தக் கட்டடத்துக்குள் ஒரு கல்லூரியை வரவழைத்துக் காட்ட வேண்டும். குழு போனதும் அதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இதில் அவர் கைதேர்ந்தவர். விலங்கியல் ஆய்வகத்துக்கு வேண்டிய எலும்புக்கூடு, கோவிலம்பாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரிலிருந்து ஆட்டோவில் அவர் மடிமேல் உட்கார்ந்து வரும். முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள் காலையில் ஒரு வேனில் வந்து இறங்கி, மாலையில் அதே வேனில் ஏறிப் போவார்கள். அவர்களில் சிலர் பலமுறை வந்து பழகி, கேன்டீன் டீ முன்போல இல்லை என்று உரிமையோடு குறைசொல்லும் அளவுக்கு ஆகிவிட்டார்கள். பசுமை வளாகத்துக்கான மரக்கன்றுகளைச் சாம்பசிவன் தொட்டியோடு மண்ணில் புதைத்து வைப்பார். நர்சரிக்காரருக்குத் திருப்பிக் கொடுக்க அதுதான் வசதி.

இந்த முறை தரச்சான்றிதழ் விண்ணப்பத்தில் ஒரு புதுக் கேள்வி முளைத்திருந்தது. வெளிநாட்டுக் கல்வி நிறுவனம் எதனுடனாவது புரிந்துணர்வு ஒப்பந்தம் உண்டா? இல்லையென்றால் முதல் தரம் கிடையாது.

தாளாளர் ஜெயவேலு, அப்பா காலத்தில் கத்திரிக்காய் போட்ட நிலத்தில் கல்லூரி போட்டவர். கேள்வியை மூக்குக்கண்ணாடி போட்டும் போடாமலும் படித்துப் பார்த்தார்.

"யோவ் சாம்பசிவா, எலும்புக்கூட்ட எடுத்தாந்த மாதிரி ஒரு ஃபாரின் காலேஜ எடுத்தாந்துட முடியாதா?"

"முடியாது சார். நாமதான் போகணும். போட்டோ வேணும், அவங்க கையெழுத்து வேணும்."

"அப்ப போலாம். கையெழுத்தோட திரும்பி வந்தா நீதான் வைஸ் பிரின்சிபால். இல்லாங்காட்டி வூட்ல உக்காந்துகினு நிம்மதியா ஃபிசிக்ஸ் படி."

அந்த வீடு சேலையூரில் இருந்தது. அதன் மேல் வங்கிக்கு இருந்த உரிமை, சாம்பசிவனுக்கு இருந்ததைவிட அதிகம். அவர் அன்று மாலையே உலகத்தில் இருந்த பல நிறுவனங்களுக்கு எழுதினார். ஒரே ஒரு இடத்திலிருந்துதான் பதில் வந்தது: டென்மார்க்கில், கடலோரமாக ஒரு மக்கள் உயர்பள்ளி. வயதுவந்தவர்கள் சில மாதங்கள் அங்கேயே தங்கி, சேர்ந்து சமைத்து, பாடி, பானை வனைந்து, தறி நெய்து, உலக விஷயங்களை விவாதித்துவிட்டு வீட்டுக்குப் போவார்களாம். கலாச்சாரப் பரிமாற்றத்துக்கு இரண்டு ஆசிரியர்களும் இரண்டு மாணவர்களும் வரலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"எழுதின அன்னிக்கே பதில் போட்டுட்டாங்க சார்" என்றார் சாம்பசிவன். அவர் குரலில் கவலை இருந்தது.

"அன்னிக்கேவா? அப்ப ஏதோ கீதுய்யா. அப்பறம்?"

"பரீட்சை கிடையாது. மார்க் கிடையாது. அட்டெண்டன்ஸ், பட்டம் எதுவும் கிடையாது."

"அப்பறம் இன்னாத்துக்குய்யா அவன் ஃபீஸ் கட்றான்?"

"அதான் சார் புரியல."

"உள்ள ஒரு காலேஜ் மறைச்சு வெச்சிருப்பான். போய்ப் பாத்துட வேண்டிதுதான்."

குழு அமைக்கப்பட்டது. இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் சாம்பசிவன். மற்றவர் தாளாளரின் மைத்துனர் சம்பந்தம். அவர் ஆசிரியர்தானா என்று தூதரகத்துக்குச் சந்தேகம் வந்து விசா மறுத்துவிட்டார்கள். சந்தேகம் நியாயமானதுதான். இரண்டு மாணவர்களாக ஜெயவேலுவும் அவர் மனைவி கங்கையம்மாளும் தேர்வானார்கள்.

"நம்ம எல்லாருமே ஸ்டூடண்ட்தான்யா, லைஃப்ல" என்று ஜெயவேலு விளக்கம் சொன்னார். கங்கையம்மாள்தான் கல்லூரி அறக்கட்டளையின் தலைவர். கணவர் நீட்டும் தாளில், அவர் விரல் வைக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு.

கலாச்சாரத்தை ஒரு பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டார்கள். பித்தளைக் குத்துவிளக்கு, பொன்னாடைகள், கோலமாவு, கல்லூரிப் பெயர் போட்ட பேனர்.

பள்ளி வாசலில் மேளம் இல்லை, மாலை இல்லை. மழையில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி தள்ளுவண்டியோடு வந்து, "நான் கிர்ஸ்டன். இந்தப் பள்ளியின் முதல்வர்" என்று சொல்லி, பெட்டிகளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டார்.

ஜெயவேலு சாம்பசிவனின் காதருகே வந்தார். "இன்னாய்யா இது? பிரின்சிபாலே வண்டி தள்ளிகினு வருது. நம்மள மதிக்கலயா?"

"இல்ல சார். இது செட்டிங். போன ஆய்வுக்கு நம்ம பிரின்சிபால் கையில கடப்பாரை குடுத்து நிக்க வெச்சோமே, அது மாதிரி. ஆனா பாருங்க, பூட்ஸ்ல சேறுகூட அப்பி வெச்சிருக்காங்க. நமக்கு அது தோணல."

அவர் குரலில் தொழில்முறை மரியாதை இருந்தது.

மறுநாள் காலை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பாடினார்கள். பாதிப் பேர் சுருதி தப்பினார்கள். ஒரு பையன் கொட்டாவி விட்டான். சாம்பசிவன் உறைந்து போனார். எல்லோரும் ஒழுங்காகப் பாடினால் ஒத்திகை பார்த்தது தெரிந்துவிடும் என்று எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள்! சென்ற ஆய்வின்போது தம் மாணவர்கள் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலை ஒரே குரலில் சொன்னது நினைவுக்கு வந்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

கொட்டாவி விட்ட பையனைத் தனியே பிடித்தார். அவன் பெயர் மாட்ஸ்.

"உண்மையைச் சொல். எத்தனை நாள் பயிற்சி கொடுத்தார்கள்?"

"எதற்கு?"

"இதற்கெல்லாம்தான். பாடுவது, சிரிப்பது, முதல்வரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது."

மாட்ஸ் யோசித்தான். "நான் ஜனவரியில் வந்தேன்" என்றான்.

ஜனவரியிலிருந்து! இப்போது மார்ச். சாம்பசிவனுக்கு மூன்று நாள் அவகாசம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

அவர் அசலைத் தேடத் தொடங்கினார். பின்கட்டில் ஓர் அறை பூட்டியிருந்தது. "அதான்யா எக்ஸாம் செல்" என்றார் ஜெயவேலு. கிர்ஸ்டனிடம் கேட்டபோது, பூட்டு துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, தோளால் ஓர் இடி இடித்துத் திறந்தார். உள்ளே கால் உடைந்த நாற்காலிகளும் கிழிந்த அக்கார்டியன் வாத்தியம் ஒன்றும் இருந்தன. மேற்கூரையிலிருந்து தண்ணீர் ஒரு வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நம்ம வர்றோம்னு தெரிஞ்சி நைட்டோட நைட்டா காலி பண்ணிட்டானுங்க" என்றார் ஜெயவேலு.

அங்கே சாப்பிட்ட தட்டுகளை ஆளுக்கு ஒருநாள் முறை வைத்துக் கழுவ வேண்டும். ஜெயவேலுவின் முறை வந்தது. இதுவும் செட்டிங்தான், போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று சாம்பசிவன் சமாதானம் சொன்னதன் பேரில் அவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஒரு தட்டைப் பிடித்தபடி கேமராவைப் பார்த்தார்.

"எடுத்தாச்சா?"

"ஆச்சு சார்."

தட்டை அப்படியே தொட்டியில் போட்டார். பக்கத்தில் நின்ற மாட்ஸ் அதை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்தான். அதற்குப் பின்னால் ஒரு வண்டி நிறையத் தட்டுகள் காத்திருந்தன.

"போட்டோதான் எடுத்தாச்சேய்யா. இந்தப் புள்ளாண்டான் இன்னும் இன்னாத்துக்கு நடிச்சிகினு கீறான்?"

கங்கையம்மாள் ஏற்கெனவே முழங்கை வரை சோப்பில் இருந்தார். அவருக்கும் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை, பேச்சு மட்டும் நிற்கவேயில்லை. அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "கழுவுங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு டம்ளர் கழுவிப் பாத்ததில்ல. இதுக்குன்னு பிளேன் ஏறி வந்திருக்கீங்க, சொம்மா போவாதீங்க."

அன்று மாலை கூட்டத்தில் விருந்தினர் பேச வேண்டும் என்றார்கள். உங்கள் பள்ளியில் சுதந்திரம் எப்படி இருக்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். ஜெயவேலு எழுந்தார். அவர் பேசப் பேச, சாம்பசிவன் அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

"எங்க காலேஜ்ல சுதந்திரம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு. யாரும் அத மீறக் கூடாது. பசங்களுக்குத் தனிப் படிக்கட்டு, பொண்ணுங்களுக்குத் தனிப் படிக்கட்டு. ரெண்டு பேரும் சுதந்திரமா ஏறலாம், சுதந்திரமா எறங்கலாம். திரும்பிப் பாக்கத்தான் கூடாது. மரத்துக்கு மரம் கேமரா கீது. எவனும் சுதந்திரத்தத் திருடிகினு போயிடக் கூடாது இல்ல? கேள்வி கேக்கறதுக்கும் உரிமை கீது. கேள்விய நாங்களே எழுதிக் குடுத்துடுவோம். புள்ளைங்களுக்கு இன்னாத்துக்கு அந்தக் கஷ்டம்?"

கூடத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கைதட்டினார்கள். இது நையாண்டி நாடகம் என்றும், வந்தவர் தம் நாட்டின் பெரிய நடிகர் என்றும் அவர்கள் எடுத்துக்கொண்டதாக மாட்ஸ் பின்னால் சொன்னான்.

ஒப்பந்தம் கடைசி நாள் கையெழுத்தாகும் என்று கிர்ஸ்டன் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின நாள் காலை ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் ஹென்ரிக். அரசாங்கத்திலிருந்து வந்த ஆய்வாளர்.

ஆய்வாளர் என்ற சொல்லைக் கேட்டதும் சாம்பசிவனின் உடம்பு தானாக நிமிர்ந்தது. ஆனால் எங்கும் ஓர் அசைவும் இல்லை. யாரும் ஓடவில்லை. வேன் எதுவும் வரவில்லை. வாளியைக்கூட யாரும் நகர்த்தவில்லை. கிர்ஸ்டன் ஹென்ரிக்கின் கையில் காபியைக் கொடுத்துவிட்டு, "கூரை ஒழுகுகிறது. மாணவர்கள் குறைந்துவிட்டார்கள். மானியத்துக்கு வேண்டிய எண்ணிக்கை இந்த வருடம் எங்களிடம் இல்லை" என்றார்.

 சாம்பசிவன் தம் வாழ்நாளில் ஓர் ஆய்வாளரிடம் யாரும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. கிர்ஸ்டனை ஓரமாக இழுத்தார்.

"எண்ணிக்கை இல்லையென்றால் என்ன ஆகும்?"

"மானியம் நிற்கும். கோடைக்குள் பள்ளியை மூட வேண்டும்."

"எங்கள் ஒப்பந்தம்?"

"மூடுகிற பள்ளி என்ன ஒப்பந்தம் போடும்? என்னை மன்னியுங்கள்."

வைஸ் பிரின்சிபால் நாற்காலி கண்ணெதிரே கரைந்தது. அது இருந்த இடத்தில் வங்கி மேலாளர் உட்கார்ந்திருந்தார். "ஆய்வாளர் எப்படி எண்ணுவார்?" என்று சாம்பசிவன் கேட்டார்.

"அறை அறையாகப் போய் எண்ணுவார். ஏன்?"

"இன்றைக்கு எங்கள் கலாச்சாரப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தீர்கள். அதை இப்போது எடுத்துக்கொள்கிறேன்."

கோலம் போடச் சொல்லித் தரப்போகிறார் என்று நினைத்து கிர்ஸ்டன் தலையசைத்தார்.

சாம்பசிவன் மாணவர்களைத் திரட்டி, எங்கள் பக்கத்துப் பாரம்பரியக் கலை ஒன்றைக் கற்றுத்தருகிறேன் என்று தொடங்கினார். தாம்பரத்தில் இதற்கு 'ரவுண்டு' என்று பெயர். தமிழ்த்துறையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள், ஆய்வுக்குழு அறையை விட்டு வெளியேறியதும், பின்படிக்கட்டு வழியாக இறங்கிப் போய் வணிகவியல் துறையில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்து கணினித்துறை. மாணவர் கூட்டம் ஒன்றுதான். துறைகள் மட்டும் பல. சட்டை மாற்ற நேரம் இல்லையென்றால் மூக்குக்கண்ணாடியாவது மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரே குதூகலம். இவ்வளவு உடலுழைப்பு உள்ள கலையை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. தொப்பிகளும் மப்ளர்களும் கைமாறின. பூட்டியிருந்த அறையின் ஒழுகலை மறைத்துக் கல்லூரி பேனர் கட்டப்பட்டது. ஜெயவேலுவும் கங்கையம்மாளும் விண்ணப்பப்படி மாணவர்கள்தான் என்பதால் அவர்களும் கணக்கில் சேர்ந்தார்கள்.

ஹென்ரிக் மண்பாண்ட அறைக்குள் வந்தார். எண்ணினார். வெளியே போனார். அத்தனை பேரும் பின்கதவு வழியாக மழையில் ஓடித் தறிக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். வந்தார், எண்ணினார். அங்கிருந்து இசையறை. கங்கையம்மாள் மட்டும் மண்பாண்ட அறையை விட்டு வர மறுத்துவிட்டார்.

"போய்யா நீ. சட்டி இப்பத்தான் நேரா வந்துகினு கீது. நீங்க ஓடுங்க, என்னிய ஒருவாட்டி எண்ணினா போதும்."

இசையறையில்தான் சாம்பசிவனுக்கு வியர்த்தது. மாட்ஸ் ஆய்வாளரைப் பார்த்துச் சிரித்து, "மறுபடி சந்தித்துவிட்டோமே!" என்று கையசைத்தான். ஒரு பெண் மூச்சிரைக்க வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இன்னொருவன் தொப்பியைத் தலைகீழாகப் போட்டிருந்தான். ஜெயவேலு பயத்தில் புல்லாங்குழலைத் தப்பான முனையில் வாயில் வைத்திருந்தார். தாம்பரத்தில் முதலாமாண்டுப் பையன்கள்கூட இப்படிச் சொதப்பமாட்டார்கள்.

ஹென்ரிக் எண்ணி முடித்தார். நல்ல மனிதர்; சந்தேகப்படத் தெரியாதவர். அவர் நாட்டில் எண்ணினால் அதுதான் எண்ணிக்கை.

அப்போதுதான் சாம்பசிவனுக்குள் ஒரு சங்கடமான எண்ணம் எழுந்தது. இவர்களுக்கு நடிக்கவே வரவில்லை. சுத்தமாக வரவில்லை. அப்படியென்றால் இத்தனை நாள் பாடியது, கொட்டாவி விட்டது, தட்டுக் கழுவியது, சேறு? அந்த எண்ணத்தை அவர் மேற்கொண்டு வளரவிடவில்லை. வளர்ந்தால் அதற்கு எங்கே இடம் கொடுப்பது?

"சென்ற ஆண்டைவிட இரண்டு மடங்கு இருக்கிறார்களே!" என்று ஹென்ரிக் கிர்ஸ்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஏன் குறைந்துவிட்டதாகச் சொன்னீர்கள்? உங்களுக்குத் தன்னடக்கம் அதிகம்."

கிர்ஸ்டன் வாயைத் திறந்தார். கூடத்தைப் பார்த்தார். ஈரக் காலுறைகளோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் மாணவர்கள் நின்றிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டார்.

கார் போனதும் ஜெயவேலு சாம்பசிவனைக் கட்டிப்பிடித்தார். "கலாச்சாரப் பரிமாற்றம்னா இதான்யா! அவன் நமக்குத் தட்டு கழுவக் கத்துக்குடுத்தான். நம்ம அவனுக்குப் பொழைக்கக் கத்துக்குடுத்தோம்."

மறுநாள் காலை கிர்ஸ்டனின் அறையில் ஒப்பந்தம் மேஜைமேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. கங்கையம்மாள் வழக்கம்போலக் கணவரின் விரலைத் தேடிக் கையெழுத்திட்டார். ஜெயவேலு பொன்னாடையைப் பிரித்துத் தயாராக நின்றார். சாம்பசிவன் கேமராவைச் சரிசெய்தார். கிர்ஸ்டன் பேனாவை எடுத்தார். எடுத்தபடியே இருந்தார்.

"உங்கள் கல்லூரியில் எத்தனை மாணவர்கள்?"

"இரண்டாயிரம்" என்றார் சாம்பசிவன்.

கிர்ஸ்டன் நிமிர்ந்து பார்த்தார். "அறை அறையாக எண்ணியதா?"

 சாம்பசிவன் கேமராவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேற்றுவரை நான் யாரையும் வெறும் தலையாக எண்ணிப் பார்த்ததில்லை" என்றார் கிர்ஸ்டன். "இன்று காலைச் சாப்பாட்டின்போது எண்ணிக்கொண்டிருந்தேன். ஹென்ரிக்குக்குப் போன் செய்ய வேண்டும். இன்னும் செய்யவில்லை. செய்வேனா என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது." பேனாவை மூடி வைத்தார். "உங்கள் கல்லூரியை நாங்கள் முதலில் பார்க்கிறோம். பிறகு கையெழுத்திடுகிறேன்."

"தாராளமா வாங்க! எப்ப வர்றீங்க? தேதி சொல்லுங்க" என்றார் ஜெயவேலு. சாம்பசிவன் மொழிபெயர்த்தார்.

"தேதி சொல்லமாட்டோம்" என்றார் கிர்ஸ்டன். கையைக் குலுக்கி, பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

விமான நிலையத்திலிருந்து கார் ஜிஎஸ்டி சாலையில் வந்துகொண்டிருந்தது.  கங்கையம்மாள் தாம் செய்த, இன்னும் சுடாத சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, துணி சுற்றி, மேடுபள்ளத்தில் அதற்கு அடிபடாமல் பிடித்திருந்தார். குரோம்பேட்டை சிக்னலில் முதுகுப்பை மாட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண் சாலையைக் கடந்தாள். ஜெயவேலு சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார்.

"யோவ், அது அவங்க ஆளா?"

"தெரியலையே சார்."

அந்தப் பெண் இளநீர்க் கடையில் நின்றாள். அவள் திரும்பிப் பார்க்கிறாளா என்று ஜெயவேலு கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கார் நகர்ந்தது. தாம்பரம் மேம்பாலம் ஏறும்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"தேதி சொல்லாம வந்தா இன்னாய்யா பண்றது? எலும்புக்கூடு, வேனு, ஆளுங்க... எல்லாத்தையும் எப்பன்னு வரச் சொல்வ?"

சாம்பசிவன் வழி முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். பின்படிக்கட்டு, தொட்டிகள், பேனர் என்று தெரிந்த வித்தை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாயிற்று. எதுவும் தேதி இல்லாமல் வேலை செய்யவில்லை.

"ஒரே வழிதான் இருக்கு சார்" என்றார். "தினமும் காலேஜ் நடத்தணும்."

ஜெயவேலு விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு, அனுபவம் உள்ள மனிதர் என்ற முறையில், மெதுவாகத் தலையாட்டினார்.

"அது கட்டுப்படியாவாதுய்யா."